பூவைப் பார்த்து விலை பேசாதீர்கள்: பின்பனியில் மாந்தோப்பைக் காப்பது எப்படி?

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் ஊர்ப் பழமொழி. மார்கழியும் தையும் முன்பனிக் காலம், மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்று பெரியவர்கள் பிரித்து வைத்தார்கள். மா வளர்ப்பவருக்கு இந்தப் பிரிவு வெறும் பஞ்சாங்கக் கணக்கு அல்ல. மா பூப்பதும் பிஞ்சு விடுவதும் இந்த நான்கு மாதங்களில்தான். பனி எந்த வாரத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தே வருட வருமானம் அமைகிறது.

காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகியது. தை பிறந்ததும் மரம் முழுக்கப் பூ. இலையே தெரியாத அளவுக்குப் பூங்கொத்து. குத்தகைக்காரர் வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்து ஒரு விலை சொல்கிறார். நீங்கள் ஒரு விலை சொல்கிறீர்கள். முன்பணம் கை மாறுகிறது. மாசி முடிவதற்குள் பூங்கொத்து கறுத்து உதிர்கிறது, அல்லது குண்டுமணி அளவில் கொத்துக் கொத்தாக நின்ற பிஞ்சு அப்படியே பழுத்து விழுகிறது. அதன்பிறகு இரு தரப்புக்கும் மனக்கசப்பு. பூவை மட்டும் பார்த்துப் பேசிய விலை என்பதுதான் இதற்கெல்லாம் காரணம்.

குளிர் நாடுகளில் நடப்பது என்ன?

நம் மாவட்டத்தில் தண்ணீர் உறையும் குளிர் கிடையாது. ஆனால் குளிர் நாடுகளில் ஆப்பிள், பீச், ஆப்ரிகாட், திராட்சை வளர்ப்பவர்களுக்கு இதே கவலை இன்னும் கடுமையாக உண்டு. அங்கே குளிர்காலம் முழுக்க மரம் உறங்கும். அந்த நிலையில் பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி போனாலும் ஒன்றும் ஆகாது. வெயில் சற்று முன்கூட்டியே அடித்தால் மொட்டு விழித்துவிடும். பூ மலர்ந்த நேரம் பார்த்து ஓர் இரவு குளிர் திரும்பி வந்தால் போதும். முழுப் பூவில் நிற்கும் ஆப்பிளுக்கு மைனஸ் 2.2 டிகிரி செல்சியஸ் அரை மணி நேரம் நீடித்தால் பத்தில் ஒரு பூ சாகும். மைனஸ் 3.9 டிகிரி என்றால் பத்தில் ஒன்பது சாகும். இடையில் இருப்பது இரண்டு டிகிரி கூட இல்லை.

2021 ஏப்ரல் முதல் வாரத்தில் பிரான்சில் நடந்தது இதுதான். மார்ச் கடைசியில் கோடை போல வெயில். கொடியும் மரமும் துளிர்த்தன. அடுத்த சில நாட்களில் இரவுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. விவசாயிகள் தோட்டம் முழுக்க மெழுகு விளக்குகளை வரிசையாக ஏற்றி வைத்துக் காவல் இருந்தும், திராட்சையும் பழ மரங்களும் பெரும் சேதம் கண்டன. கெடுத்தது குளிரின் அளவு மட்டுமல்ல, அது வந்த நாளும்தான்.

இப்படி ஓர் இரவுக்குப் பிறகு அந்த ஊர் விவசாயி என்ன செய்வார் தெரியுமா? வெளியே இதழ் வெள்ளையாக, அழகாகத்தான் இருக்கும். அதை நம்பமாட்டார். மறுநாள் பூவைக் கத்தியால் குறுக்கே அறுத்துப் பார்ப்பார். நடுவில் இருக்கும் சூல் பச்சையாக இருந்தால் உயிர் உண்டு. கறுத்திருந்தால் அது வெறும் பூ. நூறு பூ அறுத்து எத்தனை கறுப்பு என்று எண்ணி, அதன்பிறகே மருந்து, உரம், ஆள் கூலி எதற்குச் செலவு செய்யலாம் என்று முடிவு செய்வார். நாம் கற்க வேண்டிய பழக்கம் இதுதான்.

மாவுக்குக் குளிர் வேண்டும், வேண்டாம்

மாவுக்குப் பூ வரவே குளிர் தேவை. நன்கு முற்றிய கிளை, மண்ணில் குறைந்த ஈரம், சில வாரங்களுக்குக் குளிர்ந்த இரவு ஆகியவை சேர்ந்தால்தான் நுனி மொட்டு இலையாகப் போகாமல் பூவாக மாறும். குளிரே இல்லாத வருடம் தோப்பில் பூவுக்குப் பதில் துளிர் வருவது இதனால்தான்.

அதே குளிர், பூ மலரும்போது தொடர்ந்தால் பகையாகிவிடும். ஒரு மாம்பூங்கொத்தில் ஆயிரம் முதல் சில ஆயிரம் பூக்கள் வரை இருக்கும். அதில் பெரும் பங்கு ஆண் பூ. சூல் உள்ள இருபால் பூ மட்டுமே காயாகும். பூங்கொத்து குளிரில் வளர்ந்தால் இருபால் பூவின் பங்கு குறையும். இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மகரந்தத்தின் வீரியமும் குறையும். மகரந்தப் பை வெடிப்பது காலை எட்டு மணிக்கு மேல் நண்பகல் வரை. பனி மூட்டமாக இருந்தால் அதுவும் தாமதமாகும். ஈயும் தேனீயும் அந்த நேரத்தில் சரியாகப் பறக்காது. சில மணி நேரம் மட்டுமே மகரந்தத்தை ஏற்கும் பூவுக்கு அந்த நாள் வீணாகிவிடும்.

4 டிகிரி அளவுக்குச் சில மணி நேரம் இறங்கினால் மாம்பூவும் சிறு பிஞ்சும் நேரடியாகக் கருகும். வட மாநிலத் தோப்புகளில் இது நேரும். நம் சமவெளியில் அந்தக் குளிர் வராது. கிருஷ்ணகிரி, தர்மபுரி போன்ற மேட்டு நிலங்களில் இரவுக் குளிர் நம்மைவிட அதிகம் என்பதால் அங்கே மகரந்தக் குறை பெரிதாகத் தெரியும். காஞ்சிபுரம் பக்கம் குளிர் மட்டுமே பூவைக் கெடுப்பது குறைவு. இங்கே குளிரோடு சேர்ந்து வரும் ஈரம்தான் முதல் எதிரி.

பனி எங்கே அதிகம் தங்கும்?

வானம் தெளிந்து, காற்று அசையாமல் இருக்கும் இரவில் தரை தன் சூட்டை வேகமாக இழக்கும். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலப் பள்ளத்தை நோக்கி வடியும். ஆகவே ஏரிக்கரைக்குக் கீழே உள்ள தோப்பு, ஓடையை ஒட்டிய தோப்பு, சுற்றிலும் அடர்ந்த வேலி போட்ட தோப்பு ஆகியவற்றில் பனி கூடுதலாக இறங்கும், தாமதமாகக் காயும். மேட்டில் உள்ள தோப்பில் எட்டு மணிக்கு இலை காய்ந்திருக்கும்போது, பள்ளத்துத் தோப்பில் பத்து மணிக்கும் சொட்டிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு மணி நேரம் பூசணங்களுக்குப் பெரிய வாய்ப்பு.

காஞ்சிபுரத்தில் தெருவில் பாவு நீட்டும் நெசவாளர் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார். ஈரமும் மழையும் இல்லாத காலை வேண்டும் அவருக்கு. மாந்தோப்புக்காரருக்கும் பூ நாட்களில் அதே பார்வை வேண்டும். ஒரு வாரம் விடிந்ததும் தோப்புக்குள் நடந்து, எந்த மூலையில் இலை கடைசியாகக் காய்கிறது என்று குறித்து வையுங்கள். நோய் பெரும்பாலும் அந்த மூலையில்தான் தொடங்கும்.

உதிர்வது ஒன்று, காரணம் நான்கு

பூ உதிர்ந்தால் எல்லாவற்றுக்கும் பனிதான் காரணம் என்று சொல்லிவிடுகிறோம். கடையில் கொடுக்கும் ஏதோ ஒரு மருந்தை அடிக்கிறோம். காரணம் தெரியாமல் அடிக்கும் மருந்து பணத்துக்கும் கேடு, தேனீக்கும் கேடு. பூங்கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

முதலாவது, பூங்கொத்தின் காம்பிலும் மொட்டிலும் மாவு தூவியது போல வெள்ளைப் படலம் இருந்தால் அது சாம்பல் நோய். குளிர்ந்த இரவும் காலைப் பனியும் இதற்குப் பிடித்தமானவை. பூ மலராமலே உதிரும்.

இரண்டாவது, பூவிலும் காம்பிலும் கறுப்புப் புள்ளிகள் தோன்றி, அவை சேர்ந்து கொத்து முழுவதும் கறுத்தால் அது பறவைக்கண் நோய். ஆந்த்ராக்னோஸ் என்றும் சொல்வார்கள். பருவம் தப்பிய மழைக்கும் நீடித்த பனி ஈரத்துக்கும் பிறகு இது வேகமாகப் பரவும்.

மூன்றாவது, கொத்தைத் தட்டினால் சிறு பூச்சிகள் தத்தித் தாவுகின்றன, கீழ் இலை பிசுபிசுக்கிறது, அதன்மேல் கரும்படலம் படிகிறது என்றால் அது தத்துப்பூச்சி.

நான்காவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கொத்து சுத்தமாக, பச்சையாக இருக்கும். பட்டாணி, கோலி அளவில் பிஞ்சுகள் நுனியில் கொத்தாகத் தொங்கும். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அதற்குமேல் பெருக்காது. வட மாநிலங்களில் இதைக் காதில் போடும் ஜிமிக்கி போல இருப்பதால் ஜும்கா என்பார்கள். குளிரால் மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததும், பூ நேரத்தில் மருந்தடித்து ஈயையும் தேனீயையும் விரட்டியதும் இதற்குக் காரணங்கள். இந்தப் பிஞ்சில் விதை இருக்காது, அல்லது சுருங்கிப் பழுப்பாகியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கச் செலவு எதுவும் இல்லை. கோலி அளவு வந்ததும் தோப்பின் பல பக்கங்களில் இருந்து இருபது பிஞ்சு பறித்து நெடுக்காக அறுத்துப் பாருங்கள். உள்ளே விதை வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் அது நிற்கும் பிஞ்சு. வெற்றிடமாகவோ கருகியோ இருந்தால் அது விழப்போகும் பிஞ்சு. இருபதில் எத்தனை நல்லது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் தோப்பின் உண்மை நிலை.

எந்த மாதத்தில் என்ன செய்யலாம்?

வேலை பனிக்காலத்தில் தொடங்குவதில்லை. அறுவடை முடிந்த ஆடி, ஆவணியிலேயே தொடங்க வேண்டும். காய்ந்த கிளை, உள்நோக்கி வளரும் கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை வெட்டி, மரத்தின் நடுவே வெயில் விழச் செய்யுங்கள். அடர்ந்த மரத்தில் காலை பத்து மணிக்கும் ஈரம் நிற்கும். வெட்டிவிட்ட மரத்தில் சீக்கிரம் காயும். பூசணத்துக்கு எதிரான முதல் மருந்து வெயில்தான். கவாத்தைத் தள்ளிப் போடாதீர்கள். தாமதமாக வெட்டினால் வரும் துளிர் முற்ற நாள் போதாது, அந்தக் கிளை அந்த வருடம் பூக்காது.

பூ வருவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே பாசனத்தை நிறுத்துங்கள். வடகிழக்குப் பருவமழை நீர் தோப்பில் தேங்கினால் வடித்துவிடுங்கள். பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு மீண்டும் நீர் கொடுக்கலாம்.

மார்கழியிலேயே பூ வந்துவிட்டால் மகிழாதீர்கள். மழை ஈரத்தையும் முன்பனியையும் அந்தப் பூ தாங்கியாக வேண்டும். அப்படி வந்த கொத்து கருகிவிட்டால், கருகியதைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். குளிர் இன்னும் நீடித்தால் கீழ்க்கணுவிலிருந்து அடுத்த பூங்கொத்து வர வாய்ப்பு உண்டு. வெப்பம் ஏறிவிட்டால் அந்த இடத்தில் துளிர்தான் வரும்.

மாறாக, பிப்ரவரி வந்தும் பூக்காத மரத்துக்கு லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கலந்து தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இந்த முறை பிலிப்பைன்ஸ் நாட்டில் பிறந்தது. அங்கே மரத்தடியில் நாள்கணக்கில் புகை போட்டுப் பூக்க வைப்பார்கள். அதற்கு மாற்றாக இந்த உப்பைப் பயன்படுத்தலாம் என்று 1970களில் காட்டியவர் ரமோன் பார்பா என்ற தோட்டக்கலை விஞ்ஞானி. முற்றிக் கரும்பச்சையாகி, கசக்கினால் மொறுமொறுப்பாக உடையும் இலை உள்ள கிளையில்தான் இது வேலை செய்யும். இளந்துளிரில் அடித்துப் பயனில்லை.

பூங்கொத்து நீளும்போது, பூ விரியும் முன், சாம்பல் நோய்க்கு லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் தெளியுங்கள். உச்சி வெயிலில் கந்தகம் அடித்தால் பூ பொசுங்கும். பனி காய்ந்த பிறகு காலையில், அல்லது மாலையில் அடியுங்கள். தத்துப்பூச்சி குறைவாக இருந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை ஒட்டும் திரவத்தோடு கலந்து தெளிக்கலாம். பூச்சி மிகுந்தாலோ, பறவைக்கண் நோய் பரவினாலோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் கொத்தைக் காட்டி மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

பூ முழுதாக விரிந்த நாட்களில் பூச்சிக்கொல்லியைத் தொடாதீர்கள். அந்த நாட்களில் தோப்பில் ஈயும் தேனீயும்தான் கூலி வாங்காத ஆட்கள். அவற்றை விரட்டிவிட்டுப் பிஞ்சு பிடிக்க டானிக் வாங்குவதில் பொருளில்லை.

பூக்கும் நேரத்தில் 20 பி.பி.எம். அளவில் என்.ஏ.ஏ. தெளிப்பதும், பிஞ்சு கடுகு அளவில் இருக்கும்போது 2 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் தெளிப்பதும் பிஞ்சு நிற்க உதவும் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. என்.ஏ.ஏ. அளவு கூடினால் விளைவு மாறிவிடும் என்பதால் அளந்து கலக்குங்கள். விதையில்லாத பிஞ்சை எந்தத் தெளிப்பும் பழமாக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரே ரகத்தை நம்பாதீர்கள். செந்தூரா, பங்கனப்பள்ளி முன்னால் வரும். நீலம் பின்னால் வரும், வருடா வருடம் காய்க்கும் குணமும் உண்டு. தோப்பில் இரண்டு மூன்று ரகம் கலந்திருந்தால் ஒரு வாரப் பனி மொத்தத்தையும் கொண்டு போகாது.

நீலகிரி சொல்லும் பாடம்

உறைபனி உண்மையாகவே விழும் இடம் நம் மாநிலத்தில் நீலகிரி. உதகை, அவலாஞ்சி பக்கம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புல்வெளி வெள்ளையாகும். தேயிலையும் மலைக்காய்கறியும் கருகும். அங்குள்ள விவசாயிகள் மாலையிலேயே தேயிலைச் செடியைத் தாகைச் செடி கொண்டு மூடுவார்கள். விடியற்காலையில் நீர் தெளித்துப் பனியைக் கழுவுவார்கள். இவை எல்லாம் பனி விழும் முன்போ, வெயில் ஏறும் முன்போ செய்ய வேண்டிய வேலைகள். கருகிய பிறகு செய்ய ஒன்றுமில்லை.

நமக்கும் அதே விதி. முன்னறிவிப்பு இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறது. இந்திய வானிலைத் துறையின் மேகதூத் செயலியில் மாவட்ட அளவில் வரும் நாட்களின் வெப்பம், ஈரப்பதம், மழை வாய்ப்பு ஆகியவற்றோடு பயிர் ஆலோசனையும் தமிழில் வருகிறது. பூ நாட்களில் வாரம் இருமுறை அதைப் பார்த்து, மழைக்கோ மூடுபனிக்கோ முன்னால் தடுப்புத் தெளிப்பை முடித்துவிடுங்கள்.

மற்ற பயிர்களுக்கும் ஒரு வார்த்தை

தை மாதம் மல்லிகை விலை ஏறுவதற்குக் காரணம் பனியில் மொட்டு குறைவதே. மார்கழிக் குளிரில் விதைத்த தர்பூசணி முளைக்க நாள் பிடிக்கும். நாற்றாக வளர்த்து நடுவது பாதுகாப்பு. பப்பாளியில் குளிரான, ஈரமான வாரங்களில் உருவான பூவிலிருந்து கோணலான, மடிப்பு விழுந்த காய்கள் வருவதுண்டு. அதை வைரஸ் என்று எண்ணி மரத்தை வெட்டிவிடாதீர்கள், இலையையும் பார்த்து முடிவு செய்யுங்கள். வாழைத்தாரை 13 டிகிரிக்குக் கீழே குளிர்பதனத்தில் வைத்தால் தோலுக்கு அடியில் பழுப்புக் கோடு விழும், சரியாகப் பழுக்காது.

விலை பேசும் நாள் எது?

இனி குத்தகைக்கு வருவோம். முற்றிய பழமாக மரத்தில் நிற்பது நூறு பூவில் ஒன்றுகூட இல்லை. ஆகவே பூவின் அடர்த்தி விளைச்சலின் அளவுகோல் அல்ல. பத்து மரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் நாலு திசைக்கு ஒரு கொத்தாக நாற்பது கொத்தில் வண்ண நூல் கட்டுங்கள். பிஞ்சு பட்டாணி அளவில் ஒருமுறை எண்ணுங்கள். மூன்று வாரம் கழித்து, எலுமிச்சை அளவில் மறுபடி எண்ணுங்கள். பெரிய உதிர்வு இந்த இடைவெளியில் முடிந்துவிடும். இரண்டாவது எண்ணிக்கையும் அறுத்துப் பார்த்த கணக்கும் சேர்ந்ததுதான் உங்கள் பேச்சுவார்த்தைக்கு ஆதாரம். ஒரு வருடம் எழுதி வைத்தால் அடுத்த வருடத்துக்கு ஒப்பிட ஒரு கணக்கு இருக்கும்.

பணம் முடை என்றால் பூவிலேயே முன்பணம் வாங்கத்தான் வேண்டியிருக்கும். அப்போதும் மொத்த விலையை முடிக்காதீர்கள். முன்பணம் இவ்வளவு, மீதி எலுமிச்சைப் பருவத்து எண்ணிக்கைப்படி என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காய் நன்றாக நின்றால் உங்களுக்கு லாபம். பனி கெடுத்தால் குத்தகைக்காரர் கடனாளி ஆகமாட்டார், அடுத்த வருடமும் உங்கள் தோப்புக்கே வருவார்.

காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரம் மா. ஏகாம்பரம் என்ற பெயரே ஒற்றை மாமரத்தைக் குறிப்பது. அந்த மரத்தடியில் அம்மனுக்கும் சுவாமிக்கும் திருமணம் நடந்ததாகச் சொல்லி, பங்குனி உத்திரத்தில் விழா எடுக்கிறோம். அந்த நேரத்தில் பனி ஓய்ந்திருக்கும், மரத்தில் பிஞ்சு காயாகியிருக்கும். திருக்கல்யாணம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியதும் ஒரு கத்தியோடு தோப்புக்குள் நடந்து இருபது பிஞ்சை அறுத்துப் பாருங்கள். அதன்பிறகு விலை பேசுங்கள்.